பால் படர்ந்த நீலம்

பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. சோறு வேகுமுன் மூன்று தரம் குசினிக்குள் எட்டிப் பார்ப்பவன் நான். அப்படிப்பட்டவனுக்கு மனைவியின் மோதிரம் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. நீலக்கல்தான், ஆனால் உள்ளே பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். அவளுடைய அம்மா கொடுத்தது. லிங்கநகர் வீட்டு வாசலில் தேத்தண்ணியோடு நின்று, காலை வெயிலில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மங்கலுக்குள் ஓர் ஒளி மெல்ல நகரும். அவளுக்கு அது போதும். எனக்கோ அது கழுவாத கண்ணாடி.

அந்த நாட்களில் நான் வேலை பார்த்த துறைமுகக் கந்தோரில் ஒரே கதை. தாய்லாந்துக்காரர் இப்படிப்பட்ட பால் கற்களைத் தேடி வாங்குகிறார்களாம், நெருப்பில் சுட்டால் நல்ல நீலமாகத் தெளிந்துவிடுமாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வெருகல் கோயில் திருவிழா வந்தது. தீர்த்தமாடும்போது ஆற்றில் நழுவிவிடும் என்று அவள் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தந்து, பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏறினாள். நான் இறங்குதுறையிலிருந்து நேரே நகை செய்யும் பத்தரிடம் போனேன்.

அவர் கல்லைக் கழற்றி, பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். உள்ளே மயிரைவிட மெல்லிய இழைகள் நெருக்கமாகக் கிடந்தன. இது அழுக்கில்லை, கல்லோடு பிறந்தது, வெளிச்சம் இந்த இழைகளில் பட்டுப் பரவுவதைத்தான் பால் என்கிறோம் என்றார்.

“தம்பி, என்ர அடுப்பில பொன்னை உருக்கலாம். இதைத் தெளிய வைக்க ஏலாது. கல் வெடிச்சுப் போகும்.”

விளங்கியது. விளங்கியும் விடவில்லை. என் கரைச்சல் தாங்காமல் அவர் கல்லைக் களிமண்ணில் பொதிந்து கரிக்குள் வைத்து ஊதினார். ஆறும்வரை பொறுக்காமல் மண்ணை உடைக்கச் சொன்னதும் நான்தான். கல் தெளியவில்லை. குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதையே திரும்பப் பதித்துத் தந்தார்.

அவள் திரும்பிவர மூன்று நாள் இருந்தது. வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தபடி பொய்களைச் சொல்லிப் பார்த்தேன். அவள் வந்து, எனக்குத் திருநீறு பூசிவிட்டுக் கையை நீட்டினாள். மோதிரத்தைப் போட்டு வெயிலில் திருப்பினாள். நகர்ந்து வந்த ஒளி வெடிப்போடு நின்றுவிட்டது. பழகிய பொய்களை விட்டுவிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“கேட்டிருந்தா நானே தந்திருப்பன்,” என்றாள்.

மாட்டேன் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் கேட்கவில்லை என்றேன். அவள் அதை நம்பினாள். கேட்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.