குதிரை ரத்தத்தில் எடுத்த ஊசி

கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டதற்காக, அந்த வருஷம் எங்கள் தெரு ஆட்களை எந்தப் பண்ணையிலும் அறுப்புக்குக் கூப்பிடவில்லை. சட்டம் உங்கள் பக்கம் என்று மைக்கில் சொன்னவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சட்டத்தை உலையில் போட்டால் வேகுமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரு கறவை மாடு. அதுவும் பால் வற்றி நின்றது. காளை கேட்டுக் கத்த வேண்டியது, மௌன விரதம் இருக்கிற சாமியார் மாதிரி நின்றது. சினை பிடிக்காவிட்டால் சந்தைக்கு ஓட்டிவிடுவேன் என்றார் அவர்.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவர ஒரு ஊசி வந்திருக்கிறது என்றார். சினைக்குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பதாம். போட்டால் என் மாடு நாகூர் ஸ்டேஷனுக்கு ஜட்கா இழுக்கப் போய்விடுமோ என்றேன். சிரித்தார். பிறகு அவராகவே மற்றதையும் சொன்னார். வெளிநாட்டில் அந்தக் குதிரைகளை லாயத்தில் அடைத்து, வயிற்றில் குட்டி இருக்கும்போதே கழுத்தில் குத்தி ரத்தம் இறக்குவார்களாம். வேலை முடிந்ததும் குட்டியைக் கலைத்துவிட்டு, மறுபடி சினையாக்குவார்களாம்.

"குட்டி பாவமில்லையா தம்பி?"

"குட்டி யாருக்கும்மா வேணும்? அவங்களுக்கு ரத்தம்தான் வேணும்."

நிறைமாசத்தில் நடவுக்குக் குனிந்து, வரப்பிலேயே ஒன்றைப் பறிகொடுத்தவள் நான். வீட்டில் இருந்த மூன்று பிள்ளைகளும் பசியில் சுருண்டு கிடந்தன. மாட்டின் தலைக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போடுங்கள் என்றேன்.

மாடு கத்தியது, தெருவுக்கே வெட்கமாகப் போகிற மாதிரி. சினையும் பிடித்தது. நத்தையும் நண்டும் பிடித்து நாட்களை ஓட்டினோம். கன்று விழட்டும், டீக்கடைக்குப் பால் ஊற்றலாம் என்பதே பேச்சு. கம்பவுண்டர் சொன்ன கதையை என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவைத்தேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

மாசம் நிறையுமுன் மாடு போட்டுவிட்டது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டிலும் மூச்சில்லை. அந்த ஊசிக்கு இப்படியும் ஆவதுண்டு என்று கம்பவுண்டர் தலையைச் சொறிந்தார். மடியில் சொட்டுப் பால் இல்லை.

எங்கள் பக்கம் மாடு ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம். கிளையை ஒடித்தால் பால் வடிகிற மாதிரி மடியும் சுரக்கும் என்று. செத்துப் பிறந்தால் கட்டுவதில்லை, புதைத்துவிடுவோம். நான் உட்கார்ந்து வைக்கோல் புரி திரித்தேன். வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"கன்னும் இல்ல, பாலும் இல்ல. யாருக்குடி கட்டப்போற?"

"அந்தக் குதிரைக்குத்தாங்க. யாரு கட்டியிருப்பா அதுக்கு?"

திட்டுவார் என்று பார்த்தேன். பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி, அவரே மரமேறிக் கட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் சந்தைத் தரகர் வந்தார். துண்டுக்கடியில் அவரும் என் வீட்டுக்காரரும் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். ஊசி போட்ட இடத்தை நான் தடவிக்கொண்டு நின்றேன். பேரம் சட்டென்று படிந்துவிட்டது. கயிறு கைமாறியதும் மாடு தொழுவத்தைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது. இந்தத் தடவை காளைக்கு இல்லை.