மலர்கொடிக்கு அளவான நாற்காலி

அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் கல்யாணப் பத்திரிகை மலர்கொடியின் விரல் பட்டுத்தான் வந்திருக்கிறது. ஆனால் அவளை நேரில் பார்த்தவர்கள் குறைவு. குருமூர்த்தியின் அச்சகத்தில், மெஷின் சத்தத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உள்ளறையில் கம்ப்யூட்டரும் அவளும்தான். பிளஸ் டூ முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். ப்ரூஃப் பார்க்க யார் வந்தாலும், "தாய்மாமன் பேரு விட்டுப்போவலையே? நல்லாப் பாத்துக்குங்க" என்பாள். அந்த ஒரு பெயர் விட்டுப்போனதால் பேச்சே நின்றுபோன குடும்பங்களை அவளுக்குத் தெரியும்.

உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அடியில் ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று. வலித்தால் தலையணையை இடம் மாற்றிக்கொள்வாள். அவ்வளவுதான் அவள் பார்த்துக்கொண்ட வைத்தியம்.

போன மார்கழியில், தை முகூர்த்த வேலைகள் குவிந்து கிடந்த ஒரு மத்தியானம், சாப்பிட எழுந்தவளால் நிமிர முடியவில்லை. பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்திருந்த வீராயிதான் கைத்தாங்கலாகப் பிடித்துப் பாயில் படுக்கவைத்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, உட்காரும் விதம்தான் தப்பு என்றார் டாக்டர்.

ஓய்வு முடிந்து வந்தபோது, குருமூர்த்தி தன்னுடைய பெரிய தோல் நாற்காலியை உள்ளறையில் போட்டிருந்தார்.

"இதுல உக்காரும்மா. எனக்கு ஸ்டூலு போதும்."

அவர் ஆறடி ஆள். மலர்கொடி அவருடைய தோளுக்குக்கூட எட்டமாட்டாள். சாய்ந்தால் கால் தொங்கியது. காலை ஊன்றினால் முதுகு எட்டவில்லை. ஆசையாகக் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று, அதிலேயே உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள்.

அதைக் கண்டுபிடித்தது அவள் கணவன் அறிவழகன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"காலு தொங்குதே மலரு! நான் இப்புடி உக்காந்தா கிளட்ச்சை எப்புடி மிதிக்கிறது?"

குருமூர்த்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "அட ஆமாப்பா. என் அளவுக்கு வாங்குனதாச்சே. ரெண்டு பேருமா திருச்சிக்குப் போயி, பாத்து எடுத்துட்டு வாங்க. பில்லை எங்கிட்டக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். பெரிய கடை. கவியா என்ற பெண் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மலர்கொடி எல்லாவற்றிலும் நுனியில் உட்கார்ந்து, "நல்லாத்தாங்க இருக்கு" என்று எழுந்துகொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல டிக்கெட் எடுக்காதவ மாதிரி உக்காராத. நல்லாச் சாஞ்சு உக்காரு" என்றான் அறிவழகன்.

கவியா உள்ளே போய் ஒரு பழைய கீபோர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "டைப் பண்ணிப் பாருங்கக்கா. அப்பத்தான் தெரியும்."

எதிலும் இணைக்காத கீபோர்டில் மலர்கொடி பத்திரிகை வாசகத்தை அடிக்கத் தொடங்கினாள். அறிவழகன் தரையில் குந்தி லிவரை இழுத்து உயரத்தைக் குறைத்தான். கவியா கைப்பிடியை முழங்கைக்கு நேராக்கி, முதுகுப்பக்கத்து மேட்டைக் கீழே இறக்கினாள். இடுப்பின் குழிவில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தாங்கியதுபோல் இருந்தது. பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், மண்டபத்து விலாசம் எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுதாங்க" என்றாள்.

கவியா பில் போடப் போனாள். மலர்கொடி திரும்பினால், அறிவழகன் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அவன் முகம் அவ்வளவு தளர்ந்து அவள் பார்த்ததில்லை.

"ஏங்க, உங்களுக்கும் வலியா?"

"டிரைவருக்கு இடுப்பு வலிக்காமயா இருக்கும்?"

"ஏன் சொல்லல?"

"நீ மட்டும் சொன்னியா?"

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. மறுநாளே அவனை அதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். லாரி முதலாளி நடராசனுக்கு அவளே போன் போட்டாள். "அண்ணே, அவரு சீட்டுல ஸ்பாஞ்சே இல்ல, வெறும் தகரந்தான். கொஞ்சம் மாத்திக் குடுங்கண்ணே." மறுவாரமே புது சீட் வந்தது.

இப்போதெல்லாம் காலையில், கல்லங்குறிச்சி வீட்டுக் கூடத்தில் இரண்டு பாய் விரிகிறது. டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. அவன் ஏமாற்றப் பார்ப்பான், அவள் விடமாட்டாள்.

"முட்டிய மடக்காதீங்க. இன்னும் தூக்குங்க."

"தூக்கிட்டுத்தான்டி இருக்கேன்."

"எங்க? பாயிலயே கெடக்கு."

சிரித்ததில் இரண்டு பேருடைய காலும் கீழே விழுந்தன.