நாக்குக்கடியில் ஒரு பொத்தான்

அந்தத் தையல் ஆலையில் அவளுக்குப் பெயர் பம்பரம். உட்கார்ந்தும் உட்காராத பிறவி. மெஷின் நின்றிருந்தாலும் அவள் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். சுறுசுறுப்பு என்று பாராட்டினார்கள். உண்மையில் அது அடக்கிக்கொண்டிருப்பவளின் ஆட்டம்.

கழிப்பறைக்குப் போக அட்டை வேண்டும். சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் அது தொங்கும். முழு வரிசைக்கும் ஒரே அட்டை. போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் எழலாம். அதனால் அந்தப் பெண்கள் தண்ணீரையே விட்டுவிட்டார்கள். வாய் வறண்டால் ஒரு சட்டைப் பொத்தானை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொள்வார்கள். எச்சில் ஊறும், தாகம் ஏமாறும். பம்பரத்துக்கு இதைப் பழக்கியவள் பக்கத்து மெஷினில் இருக்கும் நாத்தனார்.

காய்ச்சலோடு போனபோது மருத்துவர் திட்டினார். "மறுபடியும் கிருமி ஏறியிருக்கு. இன்னும் அடக்கினா கிட்னி போயிடும்மா. தண்ணி குடி."

தலையாட்டிவிட்டு வந்து, மறுநாளும் பொத்தானோடு உட்கார்ந்தாள்.

"எல்லாம் நம்ம தலையெழுத்து அண்ணி" என்றாள் நாத்தனார். எழுதிய கை தெரியாதபோது சொல்ல வேண்டிய சொல் அது. இங்கே அந்தக் கை ஆணியடித்து அட்டை மாட்டியிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

இந்த லட்சணத்தில், நீண்ட ஆயுளைப் பற்றிப் பேச நிர்வாகம் ஒரு நிபுணரை அழைத்து வந்தது. வேலையை நிறுத்திச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். நிம்மதியான மனம், நல்ல தூக்கம், நிறையத் தண்ணீர், இவை உள்ளவர்கள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்றார் அந்த அம்மா. பொய்யில்லை. அந்த நிம்மதியை யார் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் அவர் கேட்கவில்லை.

"இப்போ எல்லாரும் வாய்விட்டுச் சிரிங்க! வயிறு குலுங்கணும்!"

நாத்தனார் காதோரம் குனிந்தாள். "வயிறு குலுங்கினா நம்ம கதி என்னாகும் அண்ணி?"

பம்பரம் நிஜமாகவே சிரித்துவிட்டாள். வாயிலிருந்து பொத்தான் தெறித்து, நிபுணரின் மேசையில் உருண்டு, தண்ணீர் பாட்டிலில் முட்டி நின்றது.

"யாரோட பட்டன்? சட்டையிலேர்ந்து அறுந்துடுச்சா?" என்று கேட்டார் நிபுணர்.

"என் வாயிலேர்ந்துங்க." பம்பரம் எழுந்தாள். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். ஒண்ணுக்குப் போக அட்டை வேணும். ஒரு அட்டைக்கு வரிசையே காத்துக் கிடக்குது. அதான் நாங்க பட்டனைச் சப்பிக்கிட்டு இருக்கோம்."

நிபுணர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், "அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நிபுணர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையிலிருந்த தாளைப் புரட்டி, "அடுத்தது நன்றியுணர்வு" என்றார்.

பம்பரம் உட்காரவில்லை. நேராகப் போய் மேசையிலிருந்த பாட்டிலைத் திறந்தாள்.

"அண்ணி, வேணாம். சொன்னா கேளுங்க!"

கேட்கவில்லை. கடைசிச் சொட்டுவரை நின்றபடியே குடித்தாள்.

மெஷினுக்குத் திரும்பி ஒரு கட்டுக் காலர் தைத்து முடிப்பதற்குள் முட்டி ஆடத் தொடங்கியது. ஆணியைப் பார்த்தாள். காலி. தையல் கோணியது. மறுபடி பார்த்தாள். காலி. எழுந்தாள்.

"அட்டை எங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"வேற ஆளு கொண்டுபோயிருக்கு."

"அப்ப உக்காரு."

"எனக்கென்ன, உக்காருவேன். என் கிட்னிகிட்ட கேட்டுச் சொல்லுங்க, அது உக்காருமான்னு."

அவள் நடந்தாள். "நாளைக்கு வேலை இருக்காது, பாத்துக்க!" என்ற குரல் முதுகில் விழுந்தது. கதவருகே கால் ஒரு கணம் தயங்கியது. வீட்டு வாடகை நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பின்னால் ஒரு மெஷின் நின்றது. "த்தூ" என்று யாரோ துப்பினார்கள். சிமெண்டுத் தரையில் ஒரு பொத்தான் துள்ளி ஓடியது.

"இருங்க அண்ணி, நானும் வரேன்."