மணியின் வாயில் துணி

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஓட்டக்காரி என்று பேர். நாற்பத்தாறு வயதில், முட்டி வலியோடு, ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவளுக்கு நடக்கவே தெரியாது. துவைக்கும் இயந்திரத்திலிருந்து, துணியை உலர்த்தித் தேய்க்கும் சூட்டு உருளைக்கு முப்பதடி தூரம். அதை ஒரு நாளைக்கு நூறு தடவை ஓடுவாள். ஆஸ்பத்திரி விரிப்பானாலும் விடுதித் தலையணை உறையானாலும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அது பழைய ஓட்டம். பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடியவள். வலது ஓரத்தில் பந்து கிடைத்துவிட்டால் மூலைக்கொடி வரைக்கும் யாருக்கும் தரமாட்டாள். அவளுக்குப் பதினைந்து வயதானபோது அம்மா ஒரு கைக்குழந்தையை அவள் மடியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். அதோடு பந்தும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. அந்தக் கைக்குழந்தைதான் சின்னவள். இப்போது முப்பத்தொரு வயது. இதே கூடத்தில் உருளைக்கு விரிப்புக் கொடுக்கிறாள். அக்கா ஊட்டி வளர்த்த செல்லம் என்பது அவள் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

அந்த வருஷம் பெண்கள் உலகக் கால்பந்துப் போட்டிக்கு அவர்கள் நாட்டுப் பெண்கள் முதல் தடவையாகத் தேர்வாகியிருந்தார்கள். ஆட்டங்கள் எல்லாம் பிற்பகலில். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பாருங்க, வேணாங்கல. ஆனா உருளை நிக்கக் கூடாது." சின்னவளின் ஃபோனைக் காலி சோப்புத்தூள் வாளிக்குள் சாய்த்து, வாளியை மடிப்பு மேஜைமேல் வைத்தார்கள். அதுதான் அரங்கம். வாளிக்குள் இருந்ததால் வர்ணனை கணீரென்று கேட்டது.

கூடத்தின் கோடியில் அரைச் சுவருக்குப் பின்னால் பாய்லர் இருந்தது. அங்கிருந்து வரும் நீராவியில்தான் எல்லா இயந்திரமும் ஓடும். முதலாளியைவிட வயதான பாய்லர் அது. முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியும். தண்ணீர் குறைந்தால் மேலே இருக்கும் மணி அடிக்கும். தண்ணீர் ஏற்றும் பம்பு நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். நின்றால் பொத்தானை அமுக்கிக் கிளப்ப வேண்டும். அதற்குத்தான் பாய்லர் அண்ணன். இருபது வருஷமாக அந்தக் குழாய்க்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர். "தண்ணி" என்று யாராவது சொன்னால், குடிக்கக் கேட்டால்கூட, அவர் கை பம்புப் பொத்தானுக்குப் போகும் என்று கேலி செய்வார்கள்.

முதல் ஆட்டத்தில் எண்பதாவது நிமிஷம் வரை கோல் இல்லை. அப்போது பார்த்து மணி அடிக்க ஆரம்பித்தது. மணியை அடிக்கவைக்கும் மிதவை உள்ளே மாட்டிக்கொண்டால் தண்ணீர் நிறைய இருந்தாலும் அது அடிக்கும். அந்த மணிக்குப் பொய் சொல்வது வழக்கம். அண்ணன் குழாயைப் பார்த்தார், தண்ணீர் இருந்தது. "பொய் மணிதான். பத்து நிமிஷம் கத்திட்டு ஓயும்" என்று சொல்லிவிட்டு, ஆட்டம் தெரியும் இடமாகப் பார்த்துக் கூடத்தின் வாசல் நிலையில் வந்து நின்றார்.

ஆனால் வர்ணனை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "யாராவது அந்தச் சனியன் வாயை அடைங்களேன்!" என்று சின்னவள் கத்தினாள். தங்கை கேட்டு அக்கா எதைச் செய்யாமல் இருந்திருக்கிறாள்? ஓட்டக்காரி ஸ்டூலில் ஏறிக் கிழிந்த தலையணை உறை ஒன்றைச் சுருட்டி மணிக்கும் அதை அடிக்கும் சுத்திக்கும் நடுவில் திணித்தாள். கூடம் அடங்கியது. அவள் கீழே இறங்குவதற்குள் கோல் விழுந்தது.

தலைகால் புரியாமல் குதித்தார்கள். கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற குண்டூசிதான் முதலில் சொன்னாள். ஒல்லி உடம்பு, குத்துகிற வாய், அதனால் அந்தப் பேர். "கைராசிடி உனக்கு! அந்தத் துணிய எடுத்துடாத."

இவ்வளவு வருஷத்தில் ஓட்டக்காரியைப் பார்த்து ராசி என்று ஒருவரும் சொன்னதில்லை. அன்று முழுக்க அவள் உச்சி குளிர்ந்து போயிருந்தாள்.

அடுத்த ஆட்டத்துக்குள் சட்டதிட்டம் எல்லாம் வந்துவிட்டது. யார் யார் அன்று எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டும். சின்னவள் பாய்லரின் அரைச் சுவரில் சாய்ந்து, விரிப்புக் குவியலின் மேல். கைக்கெட்டும் தூரத்தில் உருளை. குண்டூசி தையல் இயந்திரத்தில். மடிக்கும் மூன்று பெண்களும் மேஜைக்கு இந்தப் பக்கம். அண்ணன் வாசல் நிலையில், கண்ணாடிக் குழாய்க்கு முதுகைக் காட்டியபடி. ஆட்டம் தொடங்கும்போது ஓட்டக்காரி மணியின் வாயில் துணியை வைக்க வேண்டும். முடிந்ததும் எடுத்துப் பத்திரமாக மடித்து வைப்பாள்.

கேட்டால் சிரிப்பு வரும். அண்ணனும் சிரித்துக்கொண்டேதான் நின்றார். இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள், மூன்றாவது சமன், பிறகு காலிறுதிக்கு முந்தைய சுற்றிலும் காலிறுதியிலும் ஜெயித்தார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நம்பிக்கை முற்றிப்போன இடத்தில் சிரிப்புக்கு என்ன வேலை?

அரையிறுதி அன்று ஓட்டக்காரிக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. இரண்டாம் பாதியில், ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போது, ஈரவண்டியை நிறுத்திவிட்டு மணியைப் பார்த்தாள். துணிக்கு அடியில் சுத்தி துடித்துக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. குழாயில் தண்ணீர் அடியில் ஒரு விரல் அளவுக்குத்தான் இருந்தது. அண்ணனைப் பார்த்தாள், அவர் இமைக்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூலில் ஏறித் துணியை உருவினாள்.

மணி அலறியது. அண்ணன் ஓடிவந்து பம்பைக் கிளப்பினார். தண்ணீர் ஏறியது. அதே நேரத்தில், வாளிக்குள், எதிரணி கோல் போட்டது.

ஆட்டம் தோல்வியில் முடிந்த பிறகு அண்ணன் மட்டும் அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "நல்ல வேலை பண்ணின. இன்னும் கொஞ்சம் போயிருந்தா குழாய் காஞ்சிருக்கும். காஞ்ச பாய்லர்ல பச்சத் தண்ணி விட்டா அவ்ளோதான், வெடிச்சிடும். அப்ப ஒண்ணே ஒண்ணுதான் செய்யணும். எதையும் தொடாம எல்லாரும் வெளிய ஓடணும்."

மற்றவர்கள் அவளோடு பேசவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் குண்டூசி தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனாள். சின்னவள் வீட்டிலும் பேசவில்லை. ஓட்டக்காரி சோற்றைப் போட்டு முன்னால் வைத்தபோதுதான் வெடித்தாள்.

"பதினஞ்சு வயசுல உன் ஆட்டம் போச்சு. அதுக்கு எங்க ஆட்டத்தையும் கெடுத்துட்ட."

அந்த ஆட்டம் யாரால் போயிற்று என்று இவளிடமா சொல்வது? வலித்தது. நன்றாகவே வலித்தது. ஓட்டக்காரி பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் சனிக்கிழமை. ஓட்டக்காரி உள்ளே வந்ததும் மணியைத்தான் பார்த்தாள். துணியைத் திணித்து, அவள் கைக்கு அவிழாதபடி, அதன்மேல் கம்பியைச் சுற்றி இறுக்கியிருந்தது. யார் சுற்றியது என்று அவள் கேட்கவில்லை. சின்னவள் விரலில் புதிதாக ஒரு கீறல் இருந்தது.

"அண்ணே, இது நல்லதுக்கில்ல" என்றாள்.

"கடைசி ஆட்டம்தானே. முடிஞ்சதும் நானே அவுத்துடறேன்" என்றார் அண்ணன். ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

குண்டூசி தீர்ப்புச் சொன்னாள். "நீ ஆட்டத்த பாக்கக் கூடாது. அண்ணன் ஸ்டூல்ல போய் அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. நீ பார்த்தா தோத்துடுவோம்."

அவள் போய் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் ஆட்டம், கண்ணுக்கு முன்னால் கண்ணாடிக் குழாய். ஒரு விதத்தில் அவளுக்கு நிம்மதிதான். மணி பேசாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். பம்பு நின்றபோது இரண்டு தடவை, "அண்ணே, தண்ணி" என்றாள். இரண்டு தடவையும் அவர் ஓடிவந்து கிளப்பிவிட்டு மறுபடி வாசலுக்குப் போனார். அரைச் சுவருக்கு மேலே தங்கையின் பின்னந்தலை தெரிந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

பிறகு அவர்கள் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்தவள் வலது ஓரத்து ஆட்டக்காரி. அது வர்ணனையில் கேட்டது. முப்பத்தொரு வருஷமாகத் திரும்பிப் பார்க்காதவள், அப்போது திரும்பினாள். யாரும் கவனிக்கவில்லை. எதிரணி தகராறு செய்தது, நடுவர் மைதான ஓரத்துத் திரையில் போய்ப் பார்த்தார், கோல்கீப்பர் கையுறையைக் கழற்றி மாட்டினாள். ஒவ்வொன்றையும் பார்த்தாள். பெனால்டி உள்ளே போனது. மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கையைத் தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகும் திரும்பவில்லை. மறுபடி காட்டினார்கள், அதையும் பார்த்தாள்.

குழாயின் பக்கம் திரும்பியபோது அதில் தண்ணீர் இல்லை.

அடியில்கூட இல்லை. வெறும் கண்ணாடி. பம்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. பாய்லரின் மேல்பூச்சு கருகும் வாடை வந்தது. நெருப்பை அணைக்கும் திருகு எது என்றும் தெரியாது. ஈரத்துணிக்காரிக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? "வெளிய ஓடுங்க!" என்று கத்தினாள். கொண்டாட்டக் கூச்சலில் அது எங்கே ஏறும்? சின்னவளின் தோளைப் பிடித்து இழுத்தாள். "தொடாத! திரும்பு அந்தப் பக்கம்!" என்று அவள் கையைத் தட்டிவிட்டாள். அண்ணன் வாசலிலிருந்தே, ஒரு நிமிஷம் இரு என்பதுபோல் கையைக் காட்டினார்.

ஓட்டக்காரி அதற்குமேல் யோசிக்கவில்லை. மேஜைக்குப் பாய்ந்து வாளியிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அது வேலை செய்தது. உயிர் போகிறது என்றபோது அசையாதவர்கள், ஆட்டம் போகிறது என்றதும் எழுந்தார்கள். சின்னவள் குவியலிலிருந்து குதித்தாள். குண்டூசி தையல் இயந்திரத்தை உதைத்துக்கொண்டு வந்தாள். மடிக்கும் மூவரும் திட்டிக்கொண்டே பின்னால். வாசல் நிலையில் அண்ணன் அவளை மறித்தார். அவர் கைக்கடியில் புகுந்து வெளியேறும்போது, அவள் வாயிலிருந்து பழக்கப்பட்ட அந்தச் சொல்தான் வந்தது.

"அண்ணே, தண்ணி இல்ல!"

சொல்லிவிட்டு ஓடினாள். முற்றம் நீளமானது. ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டு, மதில் ஓரமாக, முட்டி வலியெல்லாம் மறந்து, வெளிக்கதவு வரை ஓடினாள். அங்கேதான் சின்னவள் அவளை எட்டிப் பிடித்தாள். தலைமுடியைப் பற்றித் திருப்பி, கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"பைத்தியமா உனக்கு? என்னதான்டி வேணும் உனக்கு?"

ஓட்டக்காரி தங்கையின் தோளுக்கு மேலாக, வெளியே வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். சின்னவள், குண்டூசி, மடிக்கும் மூவர். வாசல் நிலை காலியாக இருந்தது. அவர் உள்ளே போயிருந்தார். இருபது வருஷத்துக் கை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, தொடாதீங்க!" என்று அவள் கத்தி முடிக்கவில்லை. சலவைக்கூடத்தின் கூரை எழுந்தது.

ஆட்டத்தில் அவர்கள் அணிதான் ஜெயித்தது என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அரசாங்கக் கட்டடம், நீளமான நடை, சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் பாய்லர் அண்ணனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். குண்டூசி மற்றவர்களைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குசுகுசுத்தாள். "முதலாளியோட வக்கீல் சொல்லிட்டாரு. மணியில துணி வச்சது பாய்லர்காரர்தான்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். போனவர இனி என்ன செய்யப்போறாங்க? நாம பொழச்சுக் கிடக்கணும்ல."

உள்ளே அதிகாரி, கம்பி சுற்றிய மணியை மேஜைமேல் வைத்திருந்தார். துணி கருகியிருந்தது, கம்பி அப்படியே இருந்தது.

"இதுல துணிய வச்சது யாரு?"

மடிக்கும் மூவரும் தரையைப் பார்த்தார்கள். குண்டூசி தொண்டையைச் செருமினாள். கதவு திறந்துதான் இருந்தது; பெஞ்சில் இருந்தவளின் கால்கள் ஓட்டக்காரிக்குத் தெரிந்தன.

"நான்தாங்க" என்றாள். "மொத ஆட்டத்திலேர்ந்து நான்தான் வச்சேன். அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. கடைசி நாள் குழாய்க்கு முன்னால என்னைத்தான் உக்கார வச்சாங்க. பெனால்டிக்குத் திரும்பிட்டேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள், பத்து நாளாக அக்காவின் முகத்தைப் பார்க்காத சின்னவள் வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"கம்பி சுத்தினது நானுங்க" என்றாள். "அவ எடுத்துடக் கூடாதுன்னு சுத்தினேன்."