மூணு காலத்துக்கும் தாங்கும்

ஆங்கிலத்தில் எழுதிய எந்தக் காகிதம் எங்கள் தெருவுக்குள் வந்தாலும் அது கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேரும். மாத்திரை அட்டை, மிக்ஸியோடு வருகிற சின்னப் புத்தகம், பாஸ்போர்ட் ஆபீஸ் கடிதம், எதுவானாலும் சரி. ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். 'டீச்சரே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன' என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. என் தம்பியின் மூன்று விரல்கள் மரத்துப்போனதற்கு அந்தத் தலைக்கனம்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கடைசிவரை எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கமும் உண்டு.

தம்பி பட்டு நெய்கிறவன். அடுத்த வீடுதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளில் ஒன்று அறுந்தால் அவன் கண்ணால் தேடமாட்டான். நம்மோடு பேசிக்கொண்டே விரல்களைப் பாவின் மேல் ஓட்டுவான். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே அறுந்த இழை இருக்கும். ஆறு நாள் அப்படிக் குனிந்தே கிடப்பவன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போளூர் பஸ் ஏறிவிடுவான். அங்கிருந்து ஜவ்வாது மலை. கூட மூன்று கூட்டாளிகள், ஆளுக்கொரு முதுகுப்பை. 

"அந்த மலைல அப்படி இன்னாதான்டா இருக்குது?" என்று ஒருமுறை எரிச்சலாகக் கேட்டேன்.

"தூரம் இருக்குதுக்கா. தறில ஒரு முழத்துக்கு மேல எதையும் பாக்கறதே இல்ல" என்றான்.

போன டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், கையில் போனோடு வந்தான். நான் இடைப்பருவத் தேர்வு விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நாலு பேரும் வடக்கே பெரிய மலைக்குப் போகிறார்களாம். அங்கே கூட்டிப்போகிறவர், ரெண்டு பேருக்கு ஒரு டென்ட் நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். இதுவரை அவர்கள் தார்ப்பாயைக் கட்டிச் சமாளித்தவர்கள். கூட்டாளிகள் ஒரு டென்ட் ஏற்பாடு பண்ணிவிட்டார்கள், இன்னொன்று இவன் பொறுப்பு.

"எட்டு மணி நேரம் முதுகுல தூக்கிகினு நடக்கணும்க்கா. எடை கம்மியா இருக்கணும். நீ கொஞ்சம் படிச்சி சொல்லு."

போனில் வரிசையாகக் கூடாரங்கள். பச்சை, ஆரஞ்சு, சாம்பல். நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே படிக்க ஆரம்பித்தேன். கம்பி அலுமினியமா ஃபைபரா, உள்ளே ஒரு துணி வெளியே ஒரு துணியா, கயிறு கட்டாமலே தானாக நிற்குமா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஓர் இடத்தில் '20D' என்று போட்டிருந்தது. எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லிப் பழக்கம் இல்லாததால் அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"இரு இரு. அது டெனியர்க்கா" என்றான் அவன். "இருபது டெனியர்னா நம்ம கச்சாப் பட்டு இழை கனம்தான். அவ்ளோ மெல்லிசுலயா கூடாரம் தைக்கறான்?" துணியின் படத்தைப் பெரிதாக்கி மூக்கருகே வைத்துப் பார்த்தான். "பாரு, பொடிக்கட்டம் போட்டு நெய்திருக்கான். கிழிஞ்சா கட்டத்தோட நின்னுடும், மேல ஓடாது. கெட்டிக்காரன்."

அவனுக்கு அந்தத் துணியின் மேல் மரியாதை வந்துவிட்டது. கடைசியில் ரெண்டு கூடாரங்கள் மிஞ்சின. ஒன்று ஒன்றரைக் கிலோ, 'த்ரீ சீசன்' என்று போட்டிருந்தது. இன்னொன்று 'ஃபோர் சீசன்', மூன்று கிலோவுக்குப் பக்கம்.

"ஒண்ணு, ரெண்டு முகூர்த்தப் புடவை எடை. இன்னொண்ணு நாலு புடவை" என்று தன் கணக்கில் சொன்னான். "சீசன்னா இன்னாக்கா?"

நான் விளக்கினேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற குரலில் விளக்கினேன். "வெள்ளைக்காரனுக்கு வருஷத்துல நாலு காலம்டா. வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம். நமக்கு எங்க நாலு இருக்குது? வெயில், மழை, பனி. அவ்ளோதான். மூணு காலம்னு போட்டிருக்கறது நமக்குப் போதும். நாலுன்னு போட்டு எடையைக் கூட்டி வெச்சிருக்கான், அத ஏன் தூக்கிகினு அலையற?"

அவன் சின்னக் கூடாரத்தின் படத்தைத் திரும்பப் பெரிதாக்கினான். "பனி தாங்குமாக்கா?"

"தாங்கும்டா. மூணு காலத்துக்கும் தாங்கும்."

எனக்குத் தெரிந்த பனி, டிசம்பர் மாதம் விடியற்காலையில் மொட்டைமாடிக் கொடியில் துணியை ஈரமாக்குகிற பனி. மஃப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போனால் தும்மல் வருமே, அந்தப் பனி. அவன் கேட்டது வானத்திலிருந்து பஞ்சுபஞ்சாகக் கொட்டிக் குவியும் பனியை. ரெண்டுக்கும் நாம் வைத்திருக்கிற பெயர் ஒன்றுதான். வடக்கே பெரிய மலை என்று அவன் பத்து நிமிடம் முன்புதான் சொல்லியிருந்தான். என் காதில் விழுந்தும் இருந்தது. ஆனால் மடியில் இன்னும் முப்பது விடைத்தாள் இருந்தன. அந்தப் பக்கத்தின் அடியில் 'மேலும் படிக்க' என்று நீல எழுத்தில் ஒரு வரி இருந்தது. பார்த்தேன். தொடவில்லை.

கூடாரம் வந்ததும் என் வீட்டு மொட்டைமாடியில் விரித்தான். கம்பிகளைக் கோத்ததும் அது நாய்க்குட்டி சிலிர்த்து எழுந்த மாதிரி எழுந்து நின்றது. தம்பி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள, நான் ரெண்டு பக்கெட் தண்ணீரை மேலே ஊற்றினேன். "ஒரு சொட்டு கூட இல்லக்கா!" என்று உள்ளேயிருந்து கத்தினான். அவன் மனைவி சிரித்துச் சிரித்துக் துணிக்கொடி கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, இன்னும் ரெண்டு பக்கெட் ஊத்துங்க, அவரு குளிச்சா மாதிரியும் ஆவும்" என்றாள். நானே தேர்ந்தெடுத்தது என்ற பெருமையில் இன்னும் ஒரு பக்கெட் ஊற்றினேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் அவன் கூட்டாளி ஒருவரிடமிருந்து சேதி வந்தது. மலையில் ஒரு நாள் மதியத்திலிருந்து பனி விடாமல் கொட்டியிருக்கிறது. பாரம் தாங்காமல் நாங்கள் வாங்கிய கூடாரத்தின் கம்பி வளைந்து உள்ளே அமுங்கிவிட்டது. அந்தக் கூடாரத்தில் தம்பியோடு இருந்தவருக்குக் காய்ச்சல், இன்னொரு கூடாரத்தில் இடமும் இல்லை. அவரை நனையவிடக் கூடாது என்று தம்பி வெளியே நின்று, இருட்டும்வரை கூடாரத்தின் மேலிருந்து பனியைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறான். கையுறை நனைந்து விறைத்துப்போனதால் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் தள்ளியிருக்கிறான். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் கறுத்துவிட்டது. முதலுதவி செய்தாயிற்று, ரயில் ஏறிவிட்டோம் என்று எழுதியிருந்தார்.

நான் உடனே செய்தது என்ன தெரியுமா? ஜெபம் இல்லை, அழுகை இல்லை. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டேன். ரெண்டாவது வரியிலேயே இருந்தது. இந்தக் கூடாரம் குளிர்காலம் தவிர்த்த மூன்று பருவங்களுக்கானது, பனிப்பொழிவின் பாரத்தைத் தாங்காது. எளிய ஆங்கிலம். என்னுடைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடப் புரியும்.

காட்பாடியில் இறங்கி, நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் அக்கம்பக்கத்து ஜனம். "இன்னாப்பா ஆச்சி?" என்று எல்லோரும் கேட்க, அவன் சொன்னான்: "டென்ட் நல்ல டென்ட்தான். நான்தான் கயிற ஒழுங்கா இழுத்துக் கட்டல. எல்லாம் என் தப்பு."

அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "எப்பவுமே நீ அவசரக்குடுக்கைதான்டா. ஒரு வேலைய உருப்படியா செய்ய மாட்ட" என்று அத்தனை பேர் நடுவில் அவனைத் திட்டினேன். பயத்தில் திட்டுகிறாள், பாசம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவனும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

விரல்கள் பிழைத்துவிட்டன. தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. ஆனால் நுனியில் உணர்ச்சி வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம், நாளாகும் என்றார் டாக்டர். நாடாவைத் தறிக்குக் குறுக்கே எறிய முடிகிறது, காலால் மிதிக்க முடிகிறது. இழை அறுந்தால்தான் நின்றுபோகிறான். விரலை ஓட்டுகிறான், விரல் எங்கேயும் நிற்பதில்லை. பிறகு அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, குனிந்து, கண்ணால் தேடி முடிச்சுப் போடுகிறாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தத் தறிச் சத்தம் நிற்கிறது என்று சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது என் குரல் மட்டும் கொஞ்சம் உரக்கவே கேட்கும். கடவுளிடம் சொல்வதில் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. ரெண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்லத்தான் முடியவில்லை.

ஆறு மாதம் இப்படியே ஓட்டினேன். ஆடி மாதம் ஒரு நாள் அவன் போனோடு வந்தான்.

"அக்கா, அந்த டென்ட் பக்கத்துல வாங்கனவங்கல்லாம் எழுதறாங்க இல்ல? என் கூட்டாளி ஒருத்தன் பேஜார் புடிச்சவன், டென்ட் மட்டம்னு திட்டி எழுதிட்டானாம். அது பாவம்க்கா. புடவைய மழைல நனைச்சிட்டு வந்து, சாயம் போச்சின்னு நெய்தவன திட்றாங்களே, அந்த மாதிரி. அந்தத் துணிய நெய்தவன் நல்லா நெய்திருக்கான். நீ இங்கிலீஷ்ல எழுது. டென்ட் மேல தப்பில்ல, கட்டனவன் மேலதான் தப்புன்னு."

நான் வாங்கிக்கொண்டேன். 'கூடாரத்தில் குறை எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். 'தவறு என்னுடையது' என்று அடித்தேன். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பெயரில் போகப்போகிற என் வாக்கியம்.

"இன்னாக்கா, ஸ்பெல்லிங் வரலயா?" என்று கிண்டல் பண்ணினான்.

அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். சீசன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமலே விளக்கியதை, அவன் கேட்ட பனியை எனக்குத் தெரிந்த பனி என்று நினைத்ததை, அந்த நீல எழுத்தைத் தொடாமல் விட்டதை. அந்த வரியைக் காட்டி அர்த்தமும் சொன்னேன். அவன் முதலில் சிரிக்கக்கூடச் செய்தான். "அட, நம்ம ஊரு பனியா நெனச்சிகின?" என்றான். பிறகு சிரிப்பு நின்றது.

"இத எப்ப பாத்த?"

"நீ ரயில்ல வந்துகினு இருக்கும்போது."

"அப்ப, நான் வந்த அன்னிக்கி, வாசல்ல வெச்சி திட்டனியே, அப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. சர்ச்சில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தான். நான் தப்பாகப் படித்ததை அவன் அன்றே மன்னித்துவிட்டான், அது எனக்குத் தெரியும். திட்டியதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவன் இடத்தில் நானாக இருந்தால் மூன்று வாரத்தில் திரும்பியிருக்க மாட்டேன், எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது.

நாலாவது ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தான். தறிக்கூடத்துக் கையிலியில் இல்லை, மலைக்குப் போகும் பேன்ட்டில் இருந்தான். வளைந்த கம்பிக்கு மாற்றுக் கம்பி தனியாகக் கிடைக்கிறதாம். ஜவ்வாது மலைக்கு அந்தக் கூடாரம் போதும், அந்த மழையையும் நம் ஊர்ப் பனியையும் அது நன்றாகவே தாங்கும் என்றான். சரியான அளவுக் கம்பி எது என்று பார்க்க வேண்டும்.

நான் போனுக்குக் கை நீட்டினேன். அவன் உடனே தரவில்லை. வலது கை விரல்களைப் பார்த்தான், பிறகு போனை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கை ஆள்காட்டி விரலால் அடியில் இருந்த நீல எழுத்தைத் தானே தொட்டான். பக்கம் நீளமாக விரிந்தது.

"இந்த தபா அர்த்தம் சொல்லாத" என்றான். "அதுல இருக்கறத ஒரு வரி விடாம அப்படியே படி. புரியாதத நான் கேக்கறேன்."

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தேன்.