மயஜான் நட்ட கழி

எங்கள் உபஜில்லாவில், அதாவது வட்டத்தில், ஒன்பது ஊராட்சிகள் என்று அலுவலகச் சுவரில் மாட்டிய வரைபடம் சொல்கிறது. எண்ணிப் பார்த்தால் ஏழுதான் தேறும். மீதி இரண்டும் ஜமுனா ஆற்றுக்குள் கிடக்கின்றன. போன தேர்தலில் அங்கே கெளுத்தி மீன்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். மூழ்கிய மசூதியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பாங்கு குமிழி குமிழியாக மேலே வருகிறது என்றும் சொன்னதுண்டு. ஆற்றுத்திட்டுப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வாத்தியாரம்மாவாக இருந்தவள் வேறு எப்படிப் பிள்ளைகளை உட்கார வைப்பது? அந்தப் பள்ளிக்கூடமே ஏழு தடவை இடம் மாறியது, அது பொய்யில்லை. மயஜான் கதையும் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதி.

மயஜான் கைம்பெண். வெள்ளம் வந்த ஒரு வருஷம் புருஷனைப் பாம்பு கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவள் வீட்டைப் பிரித்து, தகரத்தைப் படகில் ஏற்றி, வேறு திட்டில் கட்டியது பதினோரு தடவை. ஒரு தகரம்கூட ஆற்றுக்குக் கொடுத்ததில்லை. அடுப்பில் வைத்த சோறு வேகும் முன்னே கூரை படகேறிவிடும். சோற்றில் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்.

அவளுடைய சாமர்த்தியமெல்லாம் ஒரு மூங்கில் கழியில் இருந்தது. தண்ணீர் ஏறும் முன்பே, வீட்டு வரிசையிலிருந்து ஆற்றுப் பக்கம் முப்பது காலடி அளந்து, சிவப்புத் துணி கட்டி நடுவாள். கரை இடிந்து இடிந்து கழியைத் தொட்டுவிட்டால் இன்னும் ஒன்றரை நாள்தான். அந்த நிமிஷமே ஊர் முழுக்கக் கூரையைப் பிரிக்கும். அதிகாரிகள் ஒலிபெருக்கியில் கத்தினால் அசையாதவர்கள், மயஜான் கழிக்கு அசைவார்கள்.

அவளுடைய கடைசி மகள் பெயர் கோலேனூர். அவளுக்கு, ஆறு எட்டாத நிலைகரையில் மாப்பிள்ளை அமைந்தது. செங்கல் வீடு. நிலைகரைக்காரர்கள் ஆறு தின்ற வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். பெண்ணுக்குப் பின்னால் குடும்பமே தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கும் என்று பயம். மாப்பிள்ளையின் தாய்மாமன் மூன்று தடவை வந்து கரையைப் பார்த்துவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை நிக்காஹ். செவ்வாய்க்கிழமை இருட்டுகிற நேரம் ஆறு கழிக்கு இரண்டு காலடியில் நின்றது; ஊர் கல்யாண வேலையில் இருந்தது, கவனித்தது நானும் மயஜானும்தான்.

புதன் காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் மயஜான் எனக்கு ஒரு கிண்ணம் சேமியா கொடுத்தாள். கையில் வாங்கிக்கொண்டு கரையோரம் நடந்தேன். கழி நின்றது, சிவப்புத் துணி பறந்தது. ஆனால் அதற்குப் பதினைந்து காலடி முன்னால், ஆற்றுப் பக்கம், தரையில் முஷ்டியளவு ஒரு குழி. ஈர மண். உள்ளே தண்ணீர்.

"என்ன ஆபா, தரையில தேடுறீங்க? மூக்குத்தி விழுந்துடுச்சா?" என்று பின்னாலேயே வந்தாள் மயஜான். ஊர்ப் பெண்களுக்கு வாத்தியாரம்மா என்றால் ஆபா, அக்கா.

"உன் கழிக்குக் கால் முளைச்ச அதிசயத்தைப் பாக்குறேன்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "மூணே நாள் ஆபா. அவ படகேறிட்டா அன்னிக்குச் சாயங்காலமே நானே கூவிச் சொல்லிடுறேன். இப்ப வீட்டைப் பிரிச்சா எம் பொண்ணுக்கு இந்த இடம் போச்சு. அப்புறம் எவன் வருவான்?"

"மத்தவங்க வீடு?"

"அதையும் சேத்துத்தானே நெனச்சு வெச்சேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இருந்தது. கையில் சேமியாவும் இருந்தது. குதிகாலால் குழியை மூடிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

வியாழக்கிழமை கல்யாண வேலைக்கு மயஜான் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக் கைமுத்தீன் அவளைத் தேடி வந்தான். அவன் தாய் சொமீரனுக்கு இரண்டு காலும் விளங்காது.

"சாச்சி, கட்டிலுக்கு அடியில மண்ணு முனகுதுங்குறா அம்மா. அக்கா வீட்டுல விட்டுட்டு வந்துடட்டா?"

"கழியைப் பாத்தியாடா?" என்றாள் மயஜான்.

"பாத்தேன். இன்னும் பத்து காலடி இருக்கு."

"அப்புறம் என்ன?"

பக்கத்து வீட்டுக்குள்ளேயிருந்து சொமீரன் கத்தினாள்: "டேய், கல்யாணக் கறி தின்னாம நான் எங்கயும் வரமாட்டேன்! உன் அக்கா வீட்டுல என்ன இருக்கு, பழஞ்சோறும் அவ மூஞ்சியும்!"

எல்லோரும் சிரித்தோம். மயஜான்தான் கூடுதலாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நிக்காஹ் ஆனது. சொமீரனுக்குக் கட்டிலுக்கே தட்டு போனது. பெண்ணைப் படகேற்றுகிற துறை திட்டின் மறுபக்கம், அரை மைல். வீட்டு வரிசை மொத்தமும் அழுதுகொண்டே கூடப் போனது. கோலேனூரின் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்தவன் கைமுத்தீன். கிளம்பும்போது கழியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். ஆறு காலடி.

படகு நடு ஆற்றுக்குப் போயிருக்கும். பின்னால் தகரம் அடுக்கு அடுக்காகச் சரிகிற சத்தம் கேட்டது. ஓடிப் போனோம். கைமுத்தீன் வீடு இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழன்றது. கழி இல்லை, கட்டில் இல்லை. மயஜான் வீடு மட்டும் சமையல் தாழ்வாரம் தொங்க நின்றது. சொமீரன் கிடைக்கவேயில்லை.

"காலையிலகூடப் பாத்தேன் சாச்சி. கழியத் தொடவே இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க, ஆறு இந்தத் தடவை மோசம் பண்ணிடுச்சு" என்றான் கைமுத்தீன். அவளுக்கு அவன் ஆறுதல் சொன்னான்.

மயஜான் வாயைத் திறந்தாள். துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னும் படகின் இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் அது மகளோடு திரும்பிவிடும். வாயை மூடிக்கொண்டாள். நானும்தான்.

அடுத்த வருஷம், வேறு திட்டு. கைமுத்தீனே நல்ல மூங்கிலாக வெட்டி எடுத்து வந்தான். "நீங்கதான் நடணும் சாச்சி."

நட்டாள், தண்ணீர் ஓரத்திலேயே. ஒரே வாரத்தில் ஆறு தொட்டது, ஊர் கூரையைப் பிரித்தது, கரை இடியவில்லை. மறுபடி நட்டாள், மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை, "சாச்சிக்குக் கிலி புடிச்சிடுச்சு" என்று சிரித்துவிட்டு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். அதோடு அந்தக் கழியை ஊரில் யாரும் பார்ப்பதில்லை.

கைமுத்தீன் மட்டும் பார்த்தான். தண்ணீர் தொடும்போதெல்லாம் ஏணியைச் சாத்தித் தன் கூரையைத் தனியாகப் பிரிப்பான். மயஜான் போய்த் தகரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். அவன் ஒவ்வொரு தடவையும், "நீங்க உக்காருங்க சாச்சி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பான். அவள் கையை எடுக்க மாட்டாள்.