இடக்கைக் கட்டைவிரல்

பெரியப்பா துணியைக் கொடுப்பது வலக்கையால்; சோதிப்பது இடக்கையால். பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். இடக்கையால் நீட்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்கள் என்பதால், தியாகராய நகரில் கடை போட்ட பிறகு பாதியை மாற்றிக்கொண்டார். ஆனால் புதுச்சரக்கின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கும் வேலையை இடக்கையிடமிருந்து அவர் பிடுங்கவில்லை. பட்டில் கலப்பு இருக்கிறதா என்பதை அந்த விரல்தான் சொல்ல வேண்டும். சரக்கு கொண்டுவந்தவன் சொல்லை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மந்தைவெளியில் அவர் வீட்டில் தங்கி இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். அவர் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். அதில் ரத்தம் கட்டாமலிருக்க அன்றாடம் ஒரு மாத்திரை. ஒருநாள் காலையில், பாதியில் சிக்கி நின்ற கடை ஷட்டருக்கடியில் குனிந்து நுழைந்தவர் ஒரு கணம் முந்தி நிமிர்ந்துவிட்டார். தலையில் சிறு புடைப்பு. வெளியே சொட்டு ரத்தமில்லை. பெரியம்மாவின் பிடிவாதத்தால் மதியம் நான் அவரைக் கடைக்குப் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் அழைத்துப்போனேன்.

"வெளியே ரத்தம் வரலைன்னு சும்மா இருக்காதீங்க. இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு உள்ள கசிஞ்சா தானா நிக்காது. இப்பவே போய்த் தலையை ஸ்கேன் எடுத்துடுங்க" என்று மருத்துவர் ஒரு ஸ்கேன் மையத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக்கொடுத்தார். அந்தப் பெயரைப் படித்ததுமே பெரியப்பாவின் கண்கள் சுருங்கின.

வாசலுக்கு வந்ததும் சொன்னார்: "ஆட்டோக்காரன் ஆள் கூட்டிட்டு வந்தா நான் கமிஷன் கொடுக்கேம்லா? அதே கததான் இதுவும். எனக்கா தெரியாது பிள்ள?"

வெகுநேரம் மன்றாடிய பின் இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு: ஸ்கேன் எடுப்பதானால் அவருக்கு முன்பே தெரிந்த அடையாற்று மையத்தில்தான். சீட்டில் இருந்த மையமோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. எனக்கும் அவருடைய கணக்கு நியாயமாகவே பட்டது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "இன்னா பெர்சு, மண்ட வீங்கிகினு கீது? ஸ்கேனா? நம்மாளு சென்டர் ஒண்ணு கீது, வுட்டுடவா?"

"பாத்தியா, இவனும்!" என்று பெரியப்பா சிரித்தார். நந்தனம் சிக்னலில் வண்டி நின்றபோது, பழக்கதோஷமாக என் புடவைத் தலைப்பின் ஓரத்தை இடக்கையால் பற்றித் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல பட்டு. எங்க வாங்குன?"

அவரே தன் கடையிலிருந்து எடுத்துத் தந்த சுங்குடி நூல்புடவை அது. தலைப்பு அவர் விரல்களிலிருந்து நழுவியது. நழுவியது தெரியாமல் விரல்கள் காற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

வண்டியைத் திருப்பச் சொன்னேன். "இன்னாம்மா, அவரு அடையாறுன்றாரு, நீ திரும்புன்ற?" என்று முனகியவர், என் முகத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்தித் திருப்பினார்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மையத்தில் பெரியப்பாவைப் படுக்கையில் கிடத்தித் தள்ளிக்கொண்டு போகையில், மேசையிலிருந்த பெண் முதலில் கேட்டது அவர் பெயரையல்ல. "எந்த டாக்டர் அனுப்பினாரு?"

கோணிய வாயோடு பெரியப்பா என்னைப் பார்த்தார். "பாத்தியா" என்பது பாதிதான் வந்தது.

படத்தில் மண்டையோட்டின் உள்விளிம்பை ஒட்டிப் பிறைபோல ஒரு வெளுப்பு. மருத்துவமனையில், ரத்தத்தை உறையவைத்தால் வால்வுக்கு ஆபத்து, விட்டால் மூளைக்கு என்றார்கள். ஊசியால் மருந்தின் வேகத்தை அடக்கி அன்றே அறுவை செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். மருத்துவருக்கு அந்த மையத்திலிருந்து ஏதேனும் போயிற்றா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. போயிருக்கலாம். போயிருந்தாலும் அவர் சொன்னது பொய்யில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளப் பெரியப்பாவால் முடியவில்லை. எனக்கும் எளிதாக இல்லை.

அதன்பின் அவர் சரக்கை வலக்கையால் சோதிக்கத் தொடங்கினார். பிறகு அதே ஓரத்தை இடக்கையில் வைத்துக்கொண்டு, "இவன் என்ன சொல்லுதான்னு பாப்போம். இவன நம்ப முடியாது" என்பார். ஒருநாள் என் தலைப்பை அப்படிப் பிடித்தார். கண்கள் முன்போல வேறெங்கோ பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நூல்தானே?"

"நூல்தான், பெரியப்பா."

விரலை விட்டுவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார், சரக்கு கொண்டுவந்தவனைப் பார்ப்பதுபோல.